சுமீத் மிக்ஸி முதல் ஹெச்.எம்.டி. வாட்ச் வரை: நின்னுபோன மாடல்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் தேட சில குறிப்புகள்

“இந்த மாடல் வர்றதே நின்னு போச்சும்மா, புதுசு வாங்கிடுங்க” என்று கடைக்காரர் சொன்னதும் மனசு விட்டுடாதீங்க. சென்னையில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் பாட்டி காலத்து மிக்ஸியும் தாத்தாவின் வாட்ச்சும் அம்மாவின் தையல் மெஷினும் இன்னும் நல்லாவே ஓடுது. பிராண்ட் பெயரைச் சொல்லித் தேடினா கிடைக்காத பாகம், நம்பரையும் அளவையும் சொல்லித் தேடினா பல சமயம் அரை மணி நேரத்தில் கைக்கு வந்துடும்.

1. உடைஞ்ச பாகத்தைக் குப்பையில் போடவே போடாதீங்க. நாலு துண்டாகிப் போயிருந்தாலும் எல்லாத் துண்டையும் ஒரு ஜிப் கவரில் போட்டு, எந்த மெஷினோடது என்று சீட்டு எழுதி உள்ளேயே வைங்க. கடைக்காரருக்கு அளவு, லேத் பட்டறைக்காரருக்கு மாதிரி, இரண்டுமே அதுதான்.

2. மெஷினுக்கு அடியில் ஒட்டியிருக்கிற பெயர்த் தகட்டை எழுத்து அழியறதுக்குள்ளே போட்டோ எடுத்து வைங்க. மாடல், சீரியல் நம்பர், வோல்ட், வாட், தயாரிச்ச கம்பெனியின் பெயர் எல்லாம் அதில் இருக்கும்.

3. கழற்றும்போது ஒவ்வொரு படியையும் போன்ல படம் பிடிங்க. ஓரத்தில் சும்மா கிடக்கிற பழைய இட்லித் தட்டின் குழிகளில் ஸ்க்ரூக்களைக் கழற்றின வரிசையிலேயே போட்டு வச்சா, திரும்ப மாட்டும்போது ‘எது எங்கே’ என்று தேட வேண்டாம்.

4. கடைக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போது பாகத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வச்சு எடுங்க. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, துளை இருந்தா அதையும் ஒன்று. வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கி வச்சுக்கிட்டா இன்னும் நல்லது. சில நூறு ரூபாய்தான், ஒரு தடவை வீணா ஆட்டோவில் போய்வர்ற காசு மிச்சமானாலே கணக்கு சரியாயிடும்.

5. இப்போ சுமீத் மிக்ஸிக்கு வருவோம். சீமென்ஸில் வேலை பார்த்த சத்ய பிரகாஷ் மாத்தூர், மனைவி மாதுரியின் வெளிநாட்டு மிக்ஸர் நம்ம ஊர் அரைப்புக்குத் தாங்காம மோட்டார் எரிஞ்சு போனதைப் பார்த்து, 1960களில் பம்பாயில் உருவாக்கியது இது. இட்லி மாவு, மிளகாய்ப் பொடி, தேங்காய்ச் சட்னி எல்லாத்தையும் தாங்கணும் என்றே செஞ்சதால மோட்டார் அவ்வளவு லேசில் போகாது. கெட்டுப் போறது பெரும்பாலும் கார்பன், கப்ளர், ஜார் புஷ் மாதிரி சின்னச் சாமான்தான். அதனால “மோட்டாரே போச்சு” என்று யாராவது சொன்னா, இன்னொரு மெக்கானிக்கிட்டேயும் ஒரு தடவை காட்டிடுங்க.

6. மிக்ஸி விட்டு விட்டு ஓடினாலோ, உள்ளே பொறி அதிகமாத் தெரிஞ்சாலோ முதல்ல கார்பன் பிரஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்க. ‘சுமீத் கார்பன்’ என்று கேட்க வேண்டாம்; பழைய கார்பனின் நீளம், அகலம், தடிமனை மில்லிமீட்டரில் சொல்லிக் கேளுங்க. சரியான அளவு இல்லேன்னா கொஞ்சம் பெரிசா வாங்கி, நைஸ் உப்புத்தாளில் தேய்ச்சுக் கூட்டுக்குள் இறுக்கமில்லாம வழுக்கி இறங்கற அளவுக்குக் கொண்டு வரலாம். மாத்தும்போது இரண்டையும் ஜோடியாவே மாத்துங்க.

7. கப்ளர் பல் தேய்ஞ்சு ‘கரகர’ என்றால் பழசைக் கையோடு எடுத்துப் போங்க. பல் எத்தனை, நடுத் துளையின் மரை எந்த அளவு, இந்த இரண்டும் பொருந்தினா எந்தக் கம்பெனிப் பொருளும் ஓடும். பல மிக்ஸிகளில் இது எதிர்த் திருகு, அதனால வழக்கமான பக்கம் பலம் கொடுத்துத் திருப்பி மரையைக் கெடுத்துடாதீங்க.

8. ஜாருக்கு அடியில் தண்ணி கசிஞ்சா அன்றைக்கே புஷ்ஷும் வாஷரும் மாத்திடுங்க. அந்தத் தண்ணி நேரா மோட்டாருக்குத்தான் இறங்கும். சின்னச் செலவில் முடியறது ஆர்மேச்சர் செலவில் போய் நிற்கும்.

9. சுமீத் பெயருக்குச் சொந்தம் யார் என்று ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1994இல் தீர்ப்பானது. அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் இருந்திருக்கு. ஆகவே ஸ்பேர் கேட்கும்போது தகட்டில் இருக்கிற கம்பெனியின் முழுப் பெயரையும் சேர்த்தே சொல்லுங்க.

10. அமெரிக்காவில் இருந்து திரும்பின பிள்ளைகள் கொண்டு வந்த மிக்ஸின்னா வோல்ட்டை முதல்ல பாருங்க. 110 வோல்ட் மெஷினின் ஆர்மேச்சரும் ஃபீல்டு காயிலும் நம்ம 230 வோல்ட்டுக்கு ஆகாது. வெளித் தோற்றம் ஒன்றா இருக்கேன்னு ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டிடாதீங்க.

11. பேரிங் போன மெஷினுக்குப் பிராண்ட் தேடவே வேண்டாம். பேரிங் ஓரத்தில் 6201, 6202 மாதிரி ஒரு நம்பர் அடிச்சிருக்கும், உலகம் முழுக்க அந்த நம்பருக்கு ஒரே அளவுதான். கம்பெனி மூடிப் பல வருஷம் ஆன சீலிங் ஃபேனுக்கும் புது பேரிங் சுலபமாக் கிடைக்கிற ரகசியம் இதுதான்.

12. பெல்ட்டும் அப்படியே. கிரைண்டரில் இருக்கிற வி-பெல்ட்டின் முதுகில் எழுத்தும் நம்பரும் இருக்கும், அதைச் சொன்னா போதும். எழுத்து அழிஞ்சு போயிருந்தா, பெல்ட்டைச் சுத்தி ஒரு நூலைப் பிடிச்சு அளந்து, மேல் அகலத்தையும் குறிச்சுக்கிட்டுப் போங்க.

13. பழைய ஃபேன் மெதுவாச் சுத்தினா கெபாசிட்டரைச் சந்தேகப்படுங்க. பழசு மேல் 2.5 மைக்ரோஃபேரட் என்று போட்டிருந்தா அதே அளவுதான் வாங்கணும். ‘பெரிசு போட்டா வேகம் கூடும்’ என்று போட்டா காயில் சூடாகும்.

14. ஹெச்.எம்.டி. வாட்ச்சைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா ஏறக்குறைய எல்லா வீட்டு பீரோவிலும் ஒன்று தூங்குது. ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் தொடங்கின தயாரிப்பு. வாட்ச் கம்பெனியை மூட 2016 ஜனவரியில் மத்திய அரசு முடிவெடுத்தது. ஆனா பல மாடல்களுக்குள்ளே இருந்தது ஒரே இயந்திரம். சாவி கொடுக்கிற ஜனதாவிலும் பைலட்டிலும் பரவலா இருக்கிறது 0231 என்ற 17 ஜூவல் இயந்திரம்தான். பின் மூடியைத் திறக்கச் சொல்லி, இயந்திரத்தின் மேல் இருக்கிற நம்பரைக் குறிச்சுக்கோங்க. ஜனதாவுக்குப் பாகம் இல்லேன்னு சொன்ன கடையிலேயே ஓடாத பைலட் ஒன்று கிடந்தா, உங்க வேலை முடிஞ்சது.

15. ஹெச்.எம்.டி.யில் அதிகமாத் தேயறது சாவி கொடுக்கிற தலையும் அதன் தண்டும். கண்ணாடி கீறிப் போச்சுன்னா மாத்த அவசரப்பட வேண்டாம், அது அக்ரிலிக். கொஞ்சம் டூத் பேஸ்ட்டை மெல்லிய துணியில் வச்சுச் சுத்திச் சுத்தித் தேய்ச்சா மேல் கீறல் போயிடும். டயலைப் புதுசா பெயின்ட் அடிச்சுத் தர்றேன்னு சொன்னா மட்டும் வேண்டாம்னு சொல்லிடுங்க. கொஞ்சம் மங்கின அசல் டயலுக்குத்தான் வாட்ச் சேகரிக்கிறவங்க கிட்டே மதிப்பு. இணையத்தில் ‘புத்தம் புது ஜனதா’ என்று பளபளன்னு வர்றதில் பல, வேறு வேறு வாட்ச்சுகளின் பாகங்களைச் சேர்த்து டயலுக்கு மறுபடி பெயின்ட் அடிச்சவை.

16. பேட்டரி வாட்ச்சுக்கு செல் வாங்கும்போது 377 என்று ஒரு கடையிலும் எஸ்.ஆர். 626 என்று இன்னொரு கடையிலும் சொல்வாங்க, இரண்டும் ஒன்றேதான். ஏ.ஜி.4 என்பது அதே அளவில் வர்ற மலிவான அல்கலைன் செல், சீக்கிரம் தீரும், கசியவும் செய்யும். பிரியமான வாட்ச்சுக்கு அதைப் போடாதீங்க.

17. உஷா, மெரிட், ரீட்டா மாதிரி கறுப்புத் தையல் மெஷின்கள் பலவும் சிங்கரின் 15ஆம் வகுப்பு மாடலைப் பார்த்துச் செஞ்சவை. ஒன்றின் பாபின், பாபின் கேஸ், பிரஷர் ஃபுட் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தும்.

18. ஆனா கொள்ளுப்பாட்டியோட சிங்கர்னா உஷார். 66, 99 மாடல்களுக்கு பாபின் வேறு, இன்னும் பழைய மெஷின்களில் நீளமான படகு ஷட்டில் இருக்கும். பலகையில் பதிஞ்ச சீரியல் நம்பரைக் குறிச்சுக்கிட்டு, பாபினையும் ஷட்டிலையும் கையில் எடுத்துக்கிட்டே கிளம்புங்க. பாரிமுனைப் பக்கம் இருக்கிற பழைய தையல் மெஷின் கடைக்காரர்கள் பார்த்ததும் சொல்லிடுவாங்க.

19. டைப்ரைட்டர் வச்சிருக்கிற வீடுகளுக்கு ஒரு நல்ல செய்தி. கோத்ரெஜ் 2009இல் தயாரிப்பை நிறுத்திட்டாலும், நம்ம மாநிலத்தில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிற தட்டச்சுத் தேர்வு இன்னும் இருக்கு, அதனால டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளும் இருக்கு. பக்கத்து இன்ஸ்டிட்யூட்டில் போய்ச் சாரைக் கேளுங்க. ரிப்பன் எங்கே கிடைக்கும், எந்த மெக்கானிக் வீட்டுக்கே வருவார் எல்லாம் அவர் கைவசம் இருக்கும்.

20. மார்கழிக் கச்சேரிகளை டேப்பில் பதிஞ்சு வச்ச குடும்பங்கள் மயிலாப்பூரில் ஏராளம், கேட்கத்தான் பிளேயர் ஓடாது. பெரும்பாலும் உள்ளே இருக்கிற ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டியிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைச்சு மெதுவாத் துடைச்சு எடுங்க. பெல்ட் போற வழியில் ஒரு நூலைச் சுத்தி அளந்து, அதைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு சின்னதா வாங்கினா இழுவை சரியா இருக்கும். டேப் ஓட ஆரம்பிச்சதும் முதல் வேலையா அந்தக் கச்சேரியை போனிலோ கம்ப்யூட்டரிலோ பதிஞ்சுடுங்க. பிளேயருக்கு மாற்று உண்டு, அந்த டேப்புக்குக் கிடையாது.

21. வால்வு ரேடியோ பரணில் இருந்து இறங்கினா உடனே பிளக்கில் சொருகாதீங்க, உள்ளே இருக்கிற பழைய கெபாசிட்டர்கள் வெடிக்கலாம். ரேடியோ மெக்கானிக் சீரீஸ் பல்ப் போட்டு முதல்ல சோதிக்கட்டும். வால்வில் நம்பர் பாருங்க: இ.எல்.84 என்றாலும் 6 பி.க்யூ.5 என்றாலும் ஒன்றே, அதுவும் இ.சி.சி.83யும் கிடார் ஆம்ப்ளிஃபயர்களுக்காக வெளிநாட்டில் இன்னும் புதுசா வருது. மற்ற ரேடியோ வால்வுகள் பலவற்றுக்கும் பழைய ஸ்டாக்தான் கதி.

22. குக்கர் விஷயத்தில் சிக்கனத்துக்கு ஓர் எல்லை வச்சுக்கோங்க. கைப்பிடி, குமிழ் எதுவானாலும் பொதுவா விற்கிறதை வாங்கிப் போடலாம். சேஃப்டி வால்வும் கேஸ்கெட்டும் வெயிட்டும் மட்டும் அந்தக் கம்பெனி அசல்தான், அளவு சரியா இருந்தாலும் வேறு வேண்டாம். அசல் வால்வு கிடைக்காத அளவுக்குப் பழைய குக்கர்னா மூடியைக் கழிச்சுட்டு, பாத்திரத்தைச் சாம்பார் கொதிக்க வைக்க வச்சுக்கோங்க.

23. தாத்தா விட்டுப் போன பழைய துப்பாக்கி சில வீட்டு அலமாரிகளில் இருக்கு. கருமருந்து போட்டுச் சுடுகிற அந்தக் காலத்து ரிவால்வராகவும் இருக்கலாம். இதற்கு மட்டும் மேலே சொன்ன எந்த உபாயமும் கூடாது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல்லிலேயே அதன் பாகங்களும் அடக்கம். அந்த மாடல் ரிவால்வர்களை இத்தாலியில் உபெர்ட்டி, பியெட்டா கம்பெனிகள் நகலாச் செய்யறதால, ஸ்பிரிங், ட்ரிகர் எல்லாம் வெளிநாட்டு இணையக் கடைகளில் சர்வ சாதாரணமாத் தெரியும். லைசென்ஸ் இல்லாம ஆர்டர் போட்டா, பார்சல் சுங்கத்தில் பிடிபட்டு வழக்கில் சிக்க நேரும். லேத் பட்டறையில் கொடுத்துச் செய்யச் சொல்றதும் அதே குற்றத்தில்தான் போய் முடியும்.

24. “இது ஆன்டிக், லைசென்ஸே வேண்டாம்” என்று உறவில் ஒருத்தர் சொல்வார். சட்டத்தின் 45ஆம் பிரிவு சொல்றதைக் கவனிங்க: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான் அந்தச் சலுகை. பாகம் தேடிப் போட்டுச் சரி செய்யக் கிளம்பினாலே சலுகை கையை விட்டுப் போயிடும். லைசென்ஸ் வச்சிருந்தவர் காலமாயிட்டா தாமதிக்காம அருகில் இருக்கிற காவல் நிலையத்தில் ஒப்படைச்சு ரசீது வாங்கிக்கோங்க; வாரிசு வச்சுக்க விரும்பினா சென்னையில் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் முறைப்படி விண்ணப்பிக்கலாம். குழந்தைகளுக்குப் பழைய துப்பாக்கி காட்டணும்னா எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, தஞ்சாவூர் ஆயுதங்களே அங்கே இருக்கு.

25. எலக்ட்ரானிக்ஸ் என்றால் ரிட்சி தெருதான். அடையாறு, மயிலாப்பூர்க்காரங்க கஸ்தூரிபாய் நகரிலோ திருமயிலையிலோ பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினா பார்க்கிங் தலைவலியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் இருக்காது, வார நாளில் காலையிலேயே போயிடுங்க. பழைய டிவி ரிமோட், அடாப்டர் என்று சின்னச் சின்னதா இருக்கிற தேவைகளை ஒரு தாளில் சேர்த்து வச்சுக்கிட்டு ஒரே நடையில் முடிங்க.

26. வண்டி பாகங்களுக்குப் புதுப்பேட்டை. தி.நகரில் இருந்து மாம்பலத்தில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினா கிட்டத்தான். பழைய பஜாஜ் ஸ்கூட்டர் பாகம் கிடைக்கலேன்னா வெஸ்பா, எல்.எம்.எல். என்றும் கேட்டுப் பாருங்க. எல்லாம் இத்தாலியின் பியாஜியோ வழி வந்த வண்டிகள்தான், பல பாகங்கள் ஒத்துப் போகும்.

27. மூர் மார்க்கெட்டில் தேடின தலைமுறை இன்னும் அந்தப் பெயரைத்தான் சொல்லும். அந்தக் கட்டடம் 1985 மே மாதம் தீயில் போயிட்டாலும், பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின கடைகளில் பழைய சாமான் தேடலாம். அங்கே போகிறவங்க பேரம் பேசத் தயங்காதீங்க, பொருளை மட்டும் ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்க.

28. நம்ம பேட்டைகளில் தனி வீடுகளை இடிச்சு ஃபிளாட் கட்டிக்கிட்டே இருக்காங்க. இடிக்கிறதுக்கு முன்னாடி வீட்டுக்காரரையோ காண்ட்ராக்டரையோ கேட்டா பித்தளைக் கீல், தாழ்ப்பாள், பழைய ஃபேன், கனத்த குழாய் எல்லாம் எடைக்கு எடை காசில் கிடைக்கும். உங்க வீட்டுக் கதவுக்கு ஜோடியாப் பொருந்துற கீல் புதுக் கடையில் தேடினா அகப்படவே அகப்படாது. பழைய குமிழ் சுவிட்ச்சுகளை மட்டும் அழகுக்கு வச்சுக்கோங்க, கரன்ட் கொடுக்காதீங்க.

29. தெருக்கோடி காயலான் கடைக்காரர் கிட்டே “இந்த மாடல் வந்தா எடுத்து வைங்கண்ணா” என்று படத்தையும் போன் நம்பரையும் கொடுத்து வைங்க. ஓடாத மெஷின் ஒன்று எடைக்கு வாங்கினா அதிலிருந்து ஜார், மூடி, குமிழ், ஸ்க்ரூ, கால் ரப்பர் எனப் பத்துப் பாகம் தேறும். தனித்தனியா ஸ்பேர் வாங்கறதைவிட இதுதான் எனக்குப் பிடிச்ச வழி. மிச்ச இரும்பைத் திரும்ப அவருக்கே போட்டுடலாம்.

30. எங்கேயும் கிடைக்காத உலோகப் பாகத்துக்கு லேத் பட்டறை. அடையாறு பக்கத்தவங்களுக்கு கிண்டி தொழிற்பேட்டை கிட்ட. பிளாஸ்டிக் குமிழ், பல்சக்கரம் மாதிரி என்றால் 3டி பிரிண்டிங் செய்யறவங்க செஞ்சு தருவாங்க, ஆனா அடுப்புக்குப் பக்கத்தில் சூடு படற இடத்துக்கு அது சரிப்படாது. செய்யக் கொடுக்கும்போது ஒன்றுக்கு ஆகிற கூலியையும் மூன்றுக்கு ஆகிற கூலியையும் சேர்த்தே கேளுங்க. வேலையின் பெரும்பகுதி அளவெடுத்து மெஷினை அமைக்கிறதில்தான், அதனால வித்தியாசம் அதிகம் இருக்காது. கூடுதலா வர்ற இரண்டையும் அதே மெஷின் வச்சிருக்கிற சொந்தக்காரங்களோடு பங்கு போட்டுக்கலாம்.

31. அபூர்வமான பாகம் கிடைச்சா இரண்டா வாங்கி வைங்க, ஆனா ரப்பரை மட்டும் சேர்த்து வைக்காதீங்க. கேஸ்கெட், பெல்ட் எல்லாம் சும்மா இருந்தாலும் இறுகிப் போகும். கார்பன், பேரிங், வாட்ச் பாகங்களை எண்ணெய்த் தாளில் சுத்தி, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, எந்த மெஷின், எந்தக் கடை, என்ன விலை என்று எழுதி ஒட்டிடுங்க. நம்ம கடற்கரை ஊர் உப்புக் காத்துக்கு அந்த டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டு வைங்க.